கன்னியம்மா வைத்த பொட்டு

நூம்பல்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள நிஷா கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீ ரூர்கேலாவில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இல்லையென்றால் முதல் வரியிலேயே சண்டை போட்டிருப்பேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். காலேஜ் ப்ராஜெக்டுக்கு நீ செய்த பெட்டியைப் பற்றி வாயெடுத்தாலே "அதை விடும்மா" என்று போனை வைத்துவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆடியோவைக் கேட்கவே இல்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதைப் பாதியில் நீ மடித்து வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கை பரபரக்கிறது. உன் பெட்டி வேலை செய்கிறது. முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். ப்ராஜெக்டுக்கு வேறு தலைப்பு எடுத்து மூன்றாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, தயவுசெய்து கொடுத்துவிடாதே.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் டோக்கன் கொடுக்கிற கண் ஆஸ்பத்திரியில், டோக்கன் எண் சொல்லும் ஸ்பீக்கரோடு பெட்டியை இணைத்துவிட்டு அன்றைக்கே ரயிலேறிவிட்டாய். வெளியே இரைச்சல் கூடினால் சத்தம் தானாக ஏறும், அடங்கினால் தானாக இறங்கும், நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம் என்றாய். பூஜை முடிந்து கதவைத் திறந்தால் அது ஏதோ ரகசியம் சொல்வதுபோலப் பேசுகிறது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் ஒரு பக்கம், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஒரு பக்கம், இது மட்டும் வாய்க்குள் முணுமுணுக்கிறது. அன்றைக்குத்தான் பூந்தமல்லியில் தையல்கடை வைத்திருக்கிற அப்துல் கையூம் பாய் வந்திருந்தார். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று நான்தான் சொன்னேன். சொன்னபடி உட்கார்ந்திருந்தார், அவர் எண்ணைக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்விட்டு வந்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு, "அம்மா, என்னைய மறந்துட்டீங்களா" என்று அந்த மனிதர் பணிவாகக் கேட்டபோது எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தக் கோபத்தோடுதான் உனக்குப் போன் போட்டு, இரைச்சல் ஏற ஏற இது இறங்குகிறது, இதெல்லாம் நடக்காது போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். "கழட்டி லாஃப்ட்ல போடும்மா" என்றாய். அந்தக் குரல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

கழற்றுவதற்கு எனக்குத்தான் மனசு வரவில்லை, பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்று எண்களைக் கத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, எங்கள் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கிற கன்னியம்மா கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தாள். உன் பெட்டியையும் துடைத்தாள். அப்போது பார்த்து ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. நான் பொத்தானை அழுத்துகிறேன், "டோக்கன் எண் பதினாறு" என்று கணீரென்று வந்தது பார், நானே திரும்பிப் பார்த்தேன். கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றதும் பதினேழாம் எண்ணைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலச் சொன்னது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னியம்மா சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு மறுபடியும் பெட்டிக்கு நேராக நீட்டுகிறாள். அந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டியின் முன்பக்கம் நட்டநடுவில் ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறாயே, வெளிச் சத்தத்தைக் கேட்கிற துளை, ஆயுத பூஜையன்று அதன் மேல் கனமாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்திருக்கிறாள். அது காய்ந்து காதை அடைத்ததுபோல் ஆகிவிட்டது. உலகமே அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாவம் அது மெதுவாகப் பேசியிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு ஏன் அங்கே வைத்தாய் என்றால், "பின்ன இன்னா கண்ணு, புது மிஷினு, வெறும் நெத்தியா கீது, நடுவுல சரியா பொட்டுக்குனே ஒரு எடம் வச்சிகீறா உம்பொண்ணு" என்கிறாள். அவளை என்ன சொல்வது, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசிப் பரீட்சை எழுதியவள் நான், ஒன்பது நாள் அந்தப் பொட்டை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டாவது தடவையும் தப்பாகச் சொல்லி உன்னைப் படுத்திவிடக்கூடாதே என்று தீபாவளி தாண்டும்வரை பொறுத்தேன், கடிதம் தாமதமானது அதனால்தான். நல்ல மழையில் கூரைத் தகரம் அதிர்ந்தபோது பார்த்தேன், தீபாவளிக்கு முந்தின நாள் தெருவெல்லாம் வெடித்தபோது பார்த்தேன். ஒரு எண்கூடத் தவறவில்லை, வெடி நின்ற பிறகு சத்தம் தானாகத் தணிந்ததால் மடியில் தூங்கிய குழந்தைகளும் அலறவில்லை. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை எழுந்து ஸ்பீக்கரின் சத்தக் குமிழைத் திருகிக்கொண்டிருந்த நான் இப்போது எழவே இல்லை, முட்டி வலி குறைந்திருக்கிறது. பாய் மறுபடி வந்தார். மருந்து விட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார், சரியாக அவர் முறைக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன். பாய் கண்ணைத் திறக்காமலே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு நேராக வந்து, "இன்னிக்கு என்னைய மட்டும் தனியா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்றார்.

எழுத்து ஓடுகிற பலகை ஒன்று மாட்டினால் போதாதா, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று உன் ப்ராஜெக்ட் சார் கேட்டதற்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றாயே. அதை எங்கள் ஆஸ்பத்திரி நாகவல்லி டாக்டரிடம் சொன்னேன். "கண்ண மூடிக்கிட்டு உக்காருங்கன்னு நாமளே சொல்லிட்டு, அப்புறம் போர்டப் பாருங்கன்னா எப்படிம்மா" என்று சிரித்துவிட்டு, இங்கே பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதை சார் முன்னால் நீட்டு, குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, நீட்டு.

அப்பாவுக்கும் ஒரே சந்தோஷம், ஆனால் வெளியில் காட்டிக்கொள்வாரா. "உங்கம்மா தொண்டைக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லு, ஊடு அமைதியா இருக்கும்" என்று எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன். நீ காதில் மாட்டுகிறாயே, அதில் சத்தத்தைக் குறைத்து வை. அங்கே பனி ஆரம்பித்திருக்கும், தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. பருப்புப்பொடி வைத்திருக்கிறேன், ரூமில் எல்லோருக்கும் கொடு.

நாளைக்குக் காலையில் பெட்டியைக் கூரியரில் போடுகிறேன், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார்கள், வந்ததும் ஒரு வார்த்தை சொல். அதைக் கழற்றியதிலிருந்து "எப்ப திருப்பி வரும்" என்று கன்னியம்மா என்னைத் துளைக்கிறாள், டாக்டரும் கேட்டுவிட்டார். சாரிடம் காட்டி முடித்ததும் எங்களுக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் உன் கையால் முடிய வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. பெட்டியின் பின்பக்கம் சின்னதாக ஒரு பொட்டு இருக்கும். நேற்று நான் பெட்டியைக் கட்டும்போது, எங்கே வைக்கலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டு கன்னியம்மா வைத்தது. அதைத் துடைக்காமல் அப்படியே சாரிடம் எடுத்துக்கொண்டு போ.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
கனிமொழி