கடைசி வரியில் சிவப்பு மை

1996 ஜனவரி 23, செவ்வாய்

வடக்கே ஹிரோசாக்கியிலிருந்து மிகாமியின் உறை வந்தது. நாற்பத்து நான்காவது. வழக்கம்போல ஆப்பிள் சுற்றும் மெல்லிய தாளில் பொதிந்து, வழக்கம்போல ஒரே ஒரு பக்கம், வழக்கம்போல ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாமல். வளைவுகள், கொக்கிகள், சின்னச் சின்னக் கோடுகள். இந்தத் தடவை பக்கத்தின் நடுவில் ஒரு வளைவு மூன்று தரம் திரும்ப வருகிறது. எதற்காகத் திரும்ப வருகிறது? ஒன்றுக்கும் ஆகாத கேள்விதான், ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது.

அச்சகத்தில் பகல் முழுவதும் பிழை பார்க்கிறேன். கல்யாண அழைப்பு, நகராட்சி அறிக்கை, மட்டி பிடிப்பவர் சங்கத்தின் ஆண்டு மலர். வீட்டுக்கு வந்தால் பிழையே இருக்க முடியாத ஒரு பக்கம். அதில் சிவப்புப் பேனாவை ஓட்டுவதில் இருக்கும் சுகம் யாருக்குப் புரியும்? இங்கே இடம் மாற்று, இங்கே சேர், இங்கே இடைவெளி விடு. பக்கத்துக்கு ஒரே ஒரு வெட்டு, அதுவும் கடைசி வரியில். மிகாமியின் பக்கம் எப்போதும் மேலே கனமாக இருக்கும். கீழே நீளமாய் ஒரு சிவப்புக் கோடு விழுந்தால்தான் கண் நிம்மதியாகிறது.

வெட்டினேன். நகல் எடுத்துக்கொண்டேன். நாளை அசல் அவருக்கே திரும்பப் போகும். பதினோரு வருடமாக இதுதான் எங்கள் பழக்கம். ஏதோ ஒரு அஞ்சல் ஓவியக் கண்காட்சியின் முகவரிப் பட்டியலில் என் பெயரைப் பார்த்து அனுப்ப ஆரம்பித்தவர். ஆளைப் பார்த்ததில்லை. வயது தெரியாது. ‘நலமா’ என்று ஒரு வார்த்தை இருவரும் எழுதிக்கொண்டதில்லை. எங்கள் அஞ்சல் ஓவியக் கூட்டத்தில் அப்படித்தான். வந்ததோடு எதையாவது சேர்ப்போம், அனுப்புவோம். இதற்கு என்ன பொருள் என்று மட்டும் கேட்கமாட்டோம்.

ஜனவரி 28, ஞாயிறு

காப்பிக்கடை ஃபுகுமா தன் சுவரில் மிகாமி பக்கங்களை மாட்டலாம் என்கிறான். நகல்களில் என் சிவப்பு கறுப்பாகிக் கிடக்கிறது. நாற்பத்து நான்கையும் பரப்பி வைத்து, பழைய கோடுகள் மேலேயே மறுபடி சிவப்பு ஓட்டினேன். விரல் வலிக்கிறது. ஆக, எல்லா வரியையும் இரண்டு தரம் வெட்டியாயிற்று.

பிப்ரவரி 3, சனி

மாட்டி முடித்தோம். இன்று பேயை விரட்டப் பீன்ஸ் எறியும் நாள் என்பதால் கடைத் தரையெல்லாம் வறுத்த பீன்ஸ். ஏணியில் நின்றபடி ஃபுகுமா கேட்டான்:

“இட்சுகோ சான், இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“ஒண்ணும் எழுதலைன்னு சொல்லு.”

“ஒண்ணும் எழுதாததுக்கு எதுக்கு இத்தனை திருத்தம்னு கேப்பாங்களே?”

“காப்பி ஆறுதுன்னு சொல்லு.”

பிப்ரவரி 10, சனி

எப்படி எழுதுவது இதை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் கடையில் இருந்தேன். கடோவாக்கி என்று ஒரு அம்மாள். அறுபத்தைந்து இருக்கும், ஃபுகுமா கடைக்குத் தினமும் வருகிறவளாம். கையில் காப்பியோடு சுவரோரமாக நடந்தாள். நின்றாள். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டாள். பிறகு தனக்குத்தானே சிரித்தாள்.

“யாருங்க இது, குழம்புல உப்பு ஜாஸ்தின்னு எழுதி சுவத்துல மாட்டினது?”

நான் அவளைப் பார்த்தேன். ஃபுகுமா என்னைப் பார்த்தான்.

“அது எழுத்து இல்லைங்க. சும்மா கோடு,” என்றேன்.

“சும்மா கோடா? இருபத்தெட்டு வருஷம் மாகாண சபையில சுருக்கெழுத்து எழுதினவம்மா நான். உறுப்பினருங்க தூங்குவாங்க, நான் எழுதுவேன். இது நாங்க படிச்ச பள்ளியோட முறை இல்லை. கோர்ட்டுல எழுதறவங்க முறை. ஆனா முக்கால்வாசி தெரியுது.” சொல்லிவிட்டு விரலைக் கடைசி வரியின் சிவப்புக்குக் கீழே வைத்தாள். “நல்லாத்தானே எழுதியிருக்காரு. இதைப் போய் யாரு அடிச்சு வச்சது?”

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஃபுகுமா சொல்லிவிட்டான். அவனுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

சுருக்கெழுத்து. பதினோரு வருடம் அது எனக்குத் தெரியவே இல்லை. பிழை பார்க்கிறவளாம் பிழை.

அந்த மனுஷன் என்னிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். நானோ கேட்கிற பாவனைகூட இல்லாமல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியுமா எனக்குப் படிக்க வராதென்று? தெரிந்திருக்கும். தெரிந்ததால்தான் எழுதினாரா? படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதியதைப் படிப்பது திருட்டு. ஆனால் உறையில் என் பெயர் இருக்கிறதே. என் பெயருக்கு வந்ததை நான் படித்தால் அது எப்படித் திருட்டாகும்?

கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் கூட்டத்தின் ஒரே சட்டம். இத்தனை வருடம் அதை மீறவேண்டும் என்று தோன்றியதே இல்லை. இன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தரம் ஃபுகுமா கடை வரை நடந்துபோய்த் திரும்பியிருக்கிறேன். கடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அது தெரிந்தே போனேன்.

பக்கத்தின் நடுவில் மூன்று தரம் வரும் அந்த வளைவு — அது என்ன வார்த்தை?

பிப்ரவரி 14, புதன்

கல்யாண அழைப்பில் மாப்பிள்ளையின் ஊர்ப் பெயரில் ஒரு பிழையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. முதலாளி திட்டாமல் மறு அச்சுக்குத் தாள் எடுத்தார், அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

ஒரு முடிவுக்கு வந்தேன். நான் வெட்டியது எதுவென்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் வெட்டு என்னுடையது. மற்றதெல்லாம் அவருடையது. கடோவாக்கி அம்மாளிடம் அப்படியே சொன்னேன்.

“கடைசி வரி மட்டும் படிங்க. மேல கண்ணு போகக் கூடாது.”

“கண்ணு போகாம எப்படிம்மா? குதிரைக்குக் கட்டுற மாதிரி மறைப்பு கட்டிக்கவா?”

ஃபுகுமா ஒரு அட்டையில் நீளமாகச் சந்து வெட்டிக் கொடுத்தான். அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும். அவள் தன் பழைய பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள், நான் எழுதிக்கொண்டேன். அவள் தடுமாறிய இடங்களில் புள்ளி வைத்திருக்கிறேன்.

முதல் சில வருடங்கள் எல்லாம் சில்லறை. ‘இன்று கூரையில் பனி தள்ளினேன்.’ ‘குழம்பில் உப்பு கூடிவிட்டது.’ ‘பக்கத்து வீட்டு நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை.’ ஒவ்வொன்றுக்கும் சிரித்தோம். இதையா இத்தனை மும்முரமாக வெட்டினேன் என்று எனக்கே சிரிப்பு.

பிறகு 1989 ஜனவரி.

‘வசந்தத்தில் மாட்சுயேவுக்கு வந்து உங்களைப் பார்க்கலாமா என்று … இந்த வரியில் உங்கள் சிவப்பு படாவிட்டால் வருகிறேன்.’

கடோவாக்கி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஜனவரிப் பக்கங்களை மட்டும் தனியே எடுத்து வைத்தோம்.

1990: ‘போன வருடம் சிவப்பு பட்டது. சரி. மறுபடி கேட்கிறேன்.’

1991: ‘இந்த வருடமும் அதே கேள்வி.’

92, 93, 94, 95. வார்த்தைதான் மாறுகிறது, கேள்வி அதே கேள்வி.

இந்த வருடம்: ‘அறுபத்தெட்டு முடிகிறது, முழங்கால் … இதுதான் கடைசித் தடவை கேட்பது.’

அந்த அசலை வெட்டி, எண்பது யென் தபால்தலை ஒட்டி, நானே போய்ப் பெட்டியில் போட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

கோபம். யார்மேல் என்று தெரியவில்லை. எட்டு வருடம்! ஒரு தபால் அட்டையில் ‘வரட்டுமா’ன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா அந்த மனுஷன்? கோயில்ல சீட்டு எடுக்கிற மாதிரி என் பேனாகிட்டயா குறி கேக்கறது? நான் என்ன சாமியா? எப்பவும் கடைசி வரியைத்தான் அடிப்பேன்னு தெரிஞ்சே அங்க போயா கேக்கறது? கீழ கனம் பத்தலைன்னு கோடு போட்டேன்யா. அவ்வளவுதான். உங்களை வரவேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்.

சாயங்காலம் கொஞ்சம் ஆறிற்று. நானும் அதேதானே செய்தேன்? ‘யார் நீங்கள், எப்படி இருக்கிறீர்கள்’ என்று ஒரு அட்டை போட எனக்குப் பதினோரு வருடம் கிடைத்தது. பொருள் கேட்கக் கூடாது என்ற சட்டம் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது. தனியாக இருப்பவளுக்குக் கேள்வி கேட்காத நண்பர் போல வசதி வேறில்லை.

அவர் வரவேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவைக்கிறேன். எனக்கு அவரைப் பார்க்கவேண்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஐந்து வரி எழுதினால் நான்கை நானே அடிக்கிறேன். கடைசியில் ‘அன்புடையீர்’ மட்டும் மிஞ்சியது. அதுவும் சரியாகப்படவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். இந்த வருட ஜனவரிப் பக்கத்தின் நகலை எடுத்தேன். அச்சகத்தில் தவறிப்போய் வெட்டிவிட்டால் ஒரு வழி உண்டு: வெட்டிய வரிக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினால் அச்சுக் கோப்பவர் அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிடுவார். அப்படியே புள்ளி வைத்தேன். வரி முழுவதும், ஒன்றையும் விடாமல். ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன்.

பிறகு அதற்குக் கீழே சாதாரண எழுத்தில்: ‘நான் வெட்டிய வரிகளை மட்டும் ஒருவர் படித்துச் சொன்னார். வேறு எதையும் படிக்கவில்லை.’ இதைச் சொல்லாமல் அனுப்பினால் அது களவு. சொன்னால் வெட்கப்பட்டு எழுதுவதையே நிறுத்திவிடுவாரோ? அதற்கும் துணிந்துதான் தபாலில் போட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

ஒன்றும் இல்லை. பெல்ஜியத்திலிருந்து ஒரு உறை, உள்ளே பஸ் டிக்கெட்டுகளால் ஆன கவிதை. சாதாரண நாளாக இருந்தால் துள்ளியிருப்பேன்.

மார்ச் 12, செவ்வாய்

வடக்கே பனி என்று வானொலியில் சொன்னார்கள். கூரையில் ஏறிப் பனி தள்ளுகிறாரா, அந்த முழங்காலோடு?

மார்ச் 22, வெள்ளி

ஃபுகுமா சுவரைக் காலி செய்துவிட்டான். கேட்காமலே காப்பி வைத்தான்.

“தபால் துறையில ஸ்ட்ரைக்கோ என்னவோ,” என்றான்.

“இல்லை.”

“எனக்கும் தெரியும் இல்லைன்னு. சும்மா சொல்லிப் பார்த்தேன்.”

கடோவாக்கி அம்மாள் சுருக்கெழுத்து சொல்லித்தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். அவர் பக்கத்தை மறுபடி எனக்குப் புரியாமலே பார்க்கவேண்டும் போல இருக்கிறது. மூன்று தரம் வந்த அந்த வளைவு என்ன வார்த்தை என்றும் கேட்கவில்லை. கேட்க வாய்வரை வந்தது.

ஏப்ரல் 2, செவ்வாய்

வந்தது.

ஆப்பிள் தாள். உள்ளே முழு வெள்ளைப் பக்கம். மேலே, நடுவே எதுவும் கிடையாது. அடியில் மட்டும் ஒரு வரி. 1989-ன் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வரி. ஒவ்வொரு கொக்கியும் அதே கொக்கி, கை மட்டும் கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. எனக்கு இன்னமும் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த ஒரு வரி எங்கே பார்த்தாலும் தெரியும்.

மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். பழக்கம். மூடினேன். நகல்கூட எடுக்கவில்லை. ஒரு புள்ளி, ஒரு கோடு வைக்காமல் வந்தபடியே மடித்து உறையில் போட்டேன். பதினோரு வருடத்தில் நான் ஒன்றும் சேர்க்காமல் திருப்பி அனுப்புவது இதுதான் முதல். கீழ்ப்பக்கம் கண்ணை உறுத்தத்தான் செய்தது. உறுத்திவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

தபால் அட்டை. சாதாரண எழுத்தில், முதல் தடவையாக. ‘20-ஆம் தேதி சனிக்கிழமை மாட்சுயே வந்து சேருகிறேன்’ என்று இருக்கிறது, பக்கத்தில் ரயில் நேரம்.

கையெழுத்து படுமோசம். சுருக்கெழுத்தில் அத்தனை வடிவாக எழுதும் மனுஷன், எல்லோரும் எழுதுகிற எழுத்தைக் கோழி கிளறியது போல எழுதியிருக்கிறார். மணி 9.20 என்கிறாரா 4.20 என்கிறாரா தெரியவில்லை. முதலாளியிடம் காட்டினேன், நான்கு என்றார். கடோவாக்கி அம்மாள் ஒன்பது என்கிறாள். “இதைப் படிக்க என்னால ஆகாதும்மா, சுருக்கெழுத்துன்னா குடு,” என்று கையை விரித்துவிட்டாள். இரண்டு நேரத்துக்கும் நிலையத்துக்கு ஒவ்வொரு வண்டி வருகிறது, விசாரித்துவிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

காலை 9.20-க்குப் போய் நின்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பெட்டிகள், ஒரு பிக்கு. அவர் இல்லை. ஆக, நான்குதான். திரும்பும் வழியில் ஏரி மட்டி அரைக் கிலோ வாங்கினேன். உப்புத் தண்ணீரில் ஊறுகிறது, மணல் கக்கிக்கொண்டிருக்கிறது. சூப்புக் கிண்ணம் வீட்டில் ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது, ஃபுகுமாவிடம் இன்னொன்று இரவல் வாங்கி வந்து கழுவி வைத்திருக்கிறேன்.

மணி மூன்றரை. சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கிறது. எங்கே போனாலும் அது கூடவே வரும். எடுத்து இந்த நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். வானம் இருண்டிருக்கிறது, முழங்கால் வலிக்காரர், பெரிய குடையாக எடுக்கவேண்டும்.