உன் வாயில் வந்த பெயர்

ஜூன் 11

குட்டிக்கிழங்கே, உன்னைப் புதைத்து இரண்டு நாள் ஆகிறது. அழுகை வீட்டில் சனம் குறையவில்லை. நானும் துக்கத்துக்குச் சேறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சல் என்றுதான் நர்ஸ் சொன்னாள். அவளிடம் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. உன் அப்பா போனபிறகு உன் சித்தப்பா கிக்மாய் வைத்ததுதான் இந்த வீட்டில் சட்டம்; அவன் காய்ச்சலை நம்பவில்லை. யாரோ சூனியக்காரி உன் நெஞ்சைத் தின்றுவிட்டாளாம். சாகிறவர் வாயில் கடைசியாக வரும் பெயர் அவளுடையதுதானாம்.

"அண்ணி, சாகுறப்ப பாப்பா யார் பேரைச் சொல்லுச்சு?"

நான் கையில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தேன்.

"வாயில என்ன, கிழங்கா வெச்சிருக்கீங்க?"

நீ சொன்னாய். யோம்பா அத்தை என்று, இரண்டு தரம். எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஜூன் 12

அந்தப் பெயரைச் சொன்னால் யோம்பாவைக் கட்டிவைத்து, கம்பியைக் காய்ச்சிச் சுடுவார்கள். போன வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியை அப்படிச் செய்தார்கள். பக்கத்துக் குடிசைக்காரி, உனக்குக் கூப்பிடு முறைக்குத்தான் அத்தை; அவளுக்குப் புருஷனும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. கேட்க யார் வருவார்?

ஜூன் 13

உபதேசியார் லூக்காஸ் ஜெபம் சொல்ல வந்தார். தனியாகக் கேட்டேன். "பிலாத்து கேட்டப்ப ஏசு சாமி பேசாம நின்னாரே. நானும் அப்படியே இருந்துடவா?"

"அவர் பேசாம இருந்ததுல செத்தது அவர் மட்டும்தாம்மா. நீ பேசாம இருந்தா இவங்களே ஒரு பேரைச் சொல்லிக்குவாங்க."

"அப்ப பொய் சொல்லவா?"

அவர் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார்.

ஜூன் 14

ஆண்டவரே, ஒரு வார்த்தை கொடும்.

ஜூன் 15

இன்று இழவு விருந்துக்குப் பன்றி அறுத்தார்கள். எல்லோர் முன்னாலும் கிக்மாய் வேதப் புத்தகத்தை என் மடியில் வைத்தான்.

"கையை வெச்சுச் சொல்லுங்க அண்ணி. பாப்பா பேர் சொல்லுச்சா, இல்லையா?"

"சொல்லுச்சு."

யோம்பாவும் அங்கேதான் இருந்தாள், உனக்காக அழுது கண் வீங்கி.

"அம்மான்னுச்சு. மூச்சு நிக்கிற வரைக்கும் அம்மா, அம்மான்னுதான் கூப்பிட்டுச்சு. பேர் வந்தவங்கதான் கொன்னவங்கன்னா கம்பியைக் காய்ச்சு. நான் எங்கயும் ஓடல."

அதுவும் நிஜம்தானே? கூப்பிட்டாயே.

யாரும் கிட்ட வரவில்லை. கிக்மாயின் பெண்டாட்டி மட்டும் எழுந்து, என் பக்கத்தில் படுத்திருந்த தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 19

தோட்டத்தில் ஒரு கிழங்குக் கொடி மிச்சமில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஊற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. "அவ வாயாலயே ஒத்துக்கிட்டாளே" என்கிறார்கள். நான் அப்படியா சொன்னேன்?

ஜூலை 7

கோரோக்கா டவுனில், கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் இருக்கிறேன். ஊருக்குள் கால் வைத்தால் வெட்டுவேன் என்று கிக்மாய் சொல்லியனுப்பியிருக்கிறான்.

இன்று யோம்பா லாரி ஏறி வந்தாள். உன் குழியில் களை பிடுங்கிவிட்டு வந்தாளாம், நகக்கண்ணில் மண் இருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அப்புறம் கேட்டாள்.

"அக்கா, நெசமாவே பாப்பா என்னைக் கூப்பிடலையா? அவ்வளவு பாசமா இருந்துச்சே. கடைசில என் நெனப்பே வரலையா?"

சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தால் சந்தைக்கே தெரியும். பெருமையாய்ச் சொல்லிக்கொண்டு திரிவாள், அடுத்த நாள் உயிரோடு இருக்கமாட்டாள்.

"இல்ல யோம்பா."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைக் காப்பாற்றிவிட்டேன், ஆனால் அந்தக் கையைத் தொட எனக்கு மனசு வரவில்லை.

குட்டிக்கிழங்கே, நீ அவளை ஆசையாய்க் கூப்பிட்டாயா, பயந்து கூப்பிட்டாயா?