மாட்டுப் பொங்கலன்று பண்ணைக்கு விடுமுறை

மேலக்குறிச்சி,
4-1-1971

அன்புள்ள துரைராசு,

நலம், நலமறிய ஆவல். நம் வீட்டு மாட்டுக்கொட்டகையை இனிமேல் பால் பண்ணை என்றே அழைப்பது என்று சென்ற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீர்மானிக்கப்பட்டது. எதிர்ப்பு ஏதுமில்லை. அகிலாண்டம் சமையற்கட்டில் இருந்தாள்; கூட்டத்தில் நான் மட்டும்தான். கும்பகோணத்திலிருந்து பெயர்ப் பலகையும் எழுதி வந்துவிட்டது.

காரணம் உனக்குத் தெரியும். நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராக்கிவிட்டார்கள். என்னிடம் இருப்பது முப்பத்து மூன்று. மீதிப் பதினெட்டையும் எடுத்து, என் வயலில் கூலிக்கு வருகிறவர்களுக்கே பிரித்துக் கொடுப்பார்களாம். பால் பண்ணை நிலமென்றால் தொடமாட்டார்கள் என்கிறார் வக்கீல். ஆகவே அந்தப் பதினெட்டு ஏக்கரிலும் இப்போது நிற்பது தீவனப் பயிர். பார்வைக்குச் சம்பா மாதிரி இருக்கும். வைக்கோலுக்காக வளர்க்கிறோம், நெல் அதன் நுனியில் வருவது.

பார்வையாளர் புத்தகம் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். உன்னைப் போல் முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவன் கையெழுத்துக்கு அதிகாரிகளிடம் மதிப்பு உண்டு. நீயும் தங்கச்சி நாகம்மாளும் அவசியம் வரவேண்டும். பார்த்ததை அப்படியே எழுதினால் போதும். மாட்டுப் பொங்கலன்று மட்டும் வராதே. அன்று பண்ணைக்கு விடுமுறை.

உன்,
வைத்தி


திருச்சி,
25-1-1971

அன்பு வைத்திக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். தங்கச்சி அகிலாண்டம் கட்டிக் கொடுத்த முறுக்கு பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது. ஒரே குறை, நீ வக்கீலைப் பார்க்கத் திருவிடைமருதூர் போய்விட்டாய். பண்ணையை அம்சம் சுற்றிக் காட்டினாள். உன் வயலில் நடவு நடுகிறவள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் பண்ணை மேற்பார்வை என்றாள்.

பலகைக்குக் கீழே பதினொரு பசுக்கள், இரண்டு உழவு மாடுகள். ஒரு பசுவைக் காட்டி, “இது யாரு மாடும்மா?” என்றேன்.

“என்னுதுங்க. அந்தச் செவலை காளியம்மா ஊட்டுது. கொம்பு ஒடிஞ்சது அரசப்பனுது.”

“பண்ணை மாடு எது?”

“எல்லாமே பண்ணை மாடுதாங்க. ஐயா சொல்லியனுப்புற அன்னிக்கு.”

“கன்னுக்குட்டி ஒண்ணையும் காணோமே?”

“அதெல்லாம் எங்க தெருவுல கெடக்குதுங்க. பாலும் அங்கதான் கறப்போம். கன்னு இல்லாம கை வச்சா ஒதச்சிப்புடும்.”

பிறகு புத்தகத்தைப் பார்த்தபடி கேட்டாள்: “பண்ணைன்னு ஆயிட்டா எங்களுக்கு நெலம் வராதாமே, நெசமாங்க?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அட, எங்க மாட்டையே கொண்டாந்து கட்டிட்டோமே” என்று சிரித்தாள். “மாட்டுக்கு ரெண்டு கட்டு வைக்கல் தர்றேன்னாங்க. ஒரு கட்டுதான் வந்துச்சு. எழுதுறப்ப அதையும் எழுதிடுங்க.”

நான்கு மணிக்குப் பசுக்கள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. முளையைப் பிடுங்கிக்கொண்டு வரப்பில் வரிசையாக அவள் தெருவுக்குப் போய்விட்டன. உழவு மாடுகள் மட்டும் பணியில் இருந்தன. காப்பிக்குப் பாலும் அம்சம் வீட்டிலிருந்துதான் வந்தது. தீவனப் பயிர் நன்றாகக் கதிர் பிடித்திருக்கிறது.

புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், நீ சொன்னபடியே. படித்துப் பார்.

அன்புடன்,
துரைராசு


மேலக்குறிச்சி,
2-2-1971

அன்புள்ள துரைராசு,

நான்கு பக்கமா! மற்றவர்கள் ‘கண்டேன், களித்தேன்’ என்று ஒரு வரியோடு போய்விட்டார்கள். நீ எழுதினதை நான் படித்துத்தான் தெரிய வேண்டுமா? கையெழுத்தைப் பார்த்ததே நிறைவாக இருந்தது. உன் கடிதத்தையும் அவசரத்தில் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். முறுக்கு பிடித்திருந்ததாம், அகிலாண்டத்துக்கு மகிழ்ச்சி.

எட்டாம் தேதி அதிகாரி வருகிறார். புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உன் பக்கத்தில் மயிலிறகு வைத்து, என் கையாலேயே கொடுக்கப்போகிறேன்.

உன்,
வைத்தி


திருச்சி,
5-2-1971

அன்பு வைத்திக்கு,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் என் நான்கு பக்கத்தையும் உட்கார்ந்து படி. அது பாராட்டு அல்ல. பள்ளிக்கூட ஆய்வுக் குறிப்பு எழுதிப் பழகிய கை, கண்டதைத்தான் எழுதும். கிழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுக்காமல் இருப்பது உன் இஷ்டம்.

அன்புடன்,
துரைராசு


மேலக்குறிச்சி,
30-8-1971

திரு. துரைராசு அவர்களுக்கு,

தங்கள் பிப்ரவரி ஐந்தாம் தேதிக் கடிதம் ஒன்பதாம் தேதி வந்து சேர்ந்தது. அதன் பிறகு வந்த மூன்றும் கிடைத்தன.

அதிகாரி எட்டாம் தேதி வந்தார். புத்தகத்தை இரண்டு முறை படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். பிறகு நாற்காலி கேட்டு வாங்கி, நான்கு மணி வரை களத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நானும் கூட இருந்தேன்.

பதினெட்டு ஏக்கரும் மிகுதி நிலம் என்று உத்தரவாகி, சென்ற மாதம் அளந்து கல் நட்டார்கள். பார்வையாளர் புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கிறது. ஆகையால் அதைத் திருப்பி அனுப்ப இயலாது. தாங்கள் மறந்து விட்டுப்போன குடையை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வாக்குப்படி தரவேண்டிய வைக்கோலையும் கொடுத்துத் தீர்த்துவிட்டேன்.

வாய்க்கால் ஓரத்து ஒன்றே கால் ஏக்கர் அம்சத்துக்கு வந்திருக்கிறது. பெயர்ப் பலகை சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். அதை வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறாள். அகிலாண்டம் காலையில் தூக்குவாளியோடு போய், அங்கேதான் பால் வாங்கி வருகிறாள்.

இப்படிக்கு,
மு. வைத்தியலிங்கம்