படலைச் சாத்தாத குதிரைவீரன்

வில்லோ ஃபோர்க், மொன்டானா
1954 மே 9, ஞாயிறு

அன்பு மகன் ஆண்டர்ஸுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை சிக்னியும் சுகம். பனி உருகி ஆற்றோரம் புல் கணுக்கால் உயரம் வந்துவிட்டது. கறுப்புப் பசு இரட்டைக் கன்று போட்டது, இரண்டும் பிழைத்துக்கொண்டன. சியாட்டில் மழையில் நீயும் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். என் வலக்கையில் மிஞ்சிய இரண்டு விரல்களுக்குள் பேனா இன்னும் நிற்கவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல சிக்னி எழுதுகிறாள். அப்படியே எழுதமாட்டாளாம், ஒழுங்கான வாக்கியமாக்கித்தான் எழுதுவாளாம். பாடப்புத்தகம் போல இருந்தால் குற்றம் அவளுடையது, விஷயம் என்னுடையது.

உன் கடிதம் வந்தது. ஜூனில் லீவு போட்டு வருகிறேன், எமெட் ரஸ்க்கை ஒரு கை பார்க்காமல் திரும்பமாட்டேன், தாத்தாவின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வையுங்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அம்மா மாவு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மார்ச் மாதப் புயலன்று ஆற்றோரக் கம்பிப் படல் திறந்து கிடந்ததும், நம் பசுக்கள் உறைந்த ஆற்றின் மேல் நடந்து, பனிக்கட்டி உடைந்து ஒன்பது மூழ்கியதும், அவற்றை மறிக்கப் போய் என் விரல்கள் மூன்று உறைபனியில் கருகிப் போனதும் உனக்குத் தெரியும். படலுக்கு அருகே பக்கத்துப் பண்ணை ரஸ்க்கின் வண்டித்தடம் கிடந்தது, திறந்து போட்டவன் அவன்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நம் ஊர் குடிகாரனை மன்னிக்கும், குதிரைத் திருடனைக்கூட ஒருவேளை மன்னிக்கும், படலைச் சாத்தாதவனை மன்னிக்காது. இந்த வருடம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட யாருமே அவனைக் கூப்பிடவில்லை. அவன் வீட்டுக் கன்றுகளுக்குப் போட உதவிக்கு வருகிறோம் என்று சொன்னவரும் இல்லை. இதெல்லாம் நீ அறிந்தது. நீ அறியாததை இப்போது சொல்கிறேன், கடைசிவரை படி.

நேற்று மத்தியான ஆட்டத்துக்கு மூவரும் டவுனுக்குப் போனோம். பழிவாங்கும் படம். தம்பியைக் கொன்ற நான்கு பேரைத் தேடி அண்ணன் குதிரையேறிப் போகிறான். பள்ளிப் பத்திரிகைக்குப் படம் பற்றி ஊராரின் கருத்தைத் திரட்டி வரும்படி டீச்சர் சொல்லியிருந்ததால் சிக்னி நோட்டோடு வந்திருந்தாள். தம்பியைப் புதைத்துவிட்டு அவன் கிளம்பும்போது எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவன் பண்ணைப் படலைத் திறந்தான், வெளியே போனான், திரும்பிப் பார்க்கவே இல்லை. டேய், படலைச் சாத்திட்டுப் போடா என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கொட்டகை முழுக்க அதையே கத்தியது. அதற்குப் பிறகு அவன் எத்தனை பேரைச் சுட்டாலும் அவன் பக்கம் ஆள் இல்லை.

படம் விட்டதும் சிக்னி வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டாள். நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கொல்லன் கஸ் ஹோஃபர், மூணு நாளா அந்தக் குதிரைக்கு ஒரு வாய் தண்ணி காட்டல, அவன் பழிவாங்குனா எனக்கென்ன, குதிரை பழிவாங்குனா இன்னொரு தடவ வந்து பாப்பேன் என்றானாம். தபாலாபீஸ் மேபல், அவன் நாலு பேரைக் கொன்னுட்டு வர்ற வரைக்கும் மாட்டை யாரு பாத்தாங்களாம், அதைக் காட்டவே இல்லையே கண்ணு என்று அங்கலாய்த்தாள். உன் அம்மாகூட, படம் நல்லாத்தான் இருந்துச்சு, சட்டையில ஒரு அழுக்கு இல்ல, துவைச்சுப் போட்டது யாருன்னுதான் தெரியல என்றாள்.

அப்போது ரஸ்க் தனியாக வெளியே வந்தான். கஸ் சும்மா இருப்பானா. ஏய் ரஸ்க், உன் சொந்தக்காரன் ஒருத்தன் படத்துல நடிச்சிருக்கானே, படலைத் தொறந்து போடறது உங்க குடும்ப வழக்கமா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சிக்னி மட்டும் சிரிக்காமல், எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்பதால் அவனிடமும் போய்க் கருத்துக் கேட்டாள். நான் சொன்னா எவன் நம்புவான் பாப்பா, காலியா விட்டுடு என்றான். அவள் அவன் பெயரை எழுதி, எதிரே ஒரு வரியைக் காலியாக விட்டாள். அந்தக் காலி வரியை நான் பார்த்தேன் ஆண்டர்ஸ். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுத்து என் பேரை எழுதிக்கோ சிக்னி, மார்ச் மாசம் ஆத்தோரப் படலைத் தொறந்து போட்டவன் நான், ரஸ்க் இல்ல என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

நடந்தது இதுதான். புயலில் வழிதவறிய சில மாடுகளைத் தேடிப் படலைத் தாண்டினேன். விரல் மரத்துப்போய் கம்பி வளையத்தைக் கம்பத்தில் மாட்ட முடியவில்லை. திரும்பி வரும்போது மாட்டலாம் என்று போய்விட்டேன், அந்த வழியாகத்தான் உள்ளே நின்ற பசுக்கள் ஆற்றுக்கு இறங்கின. அந்தத் தடம் அவன் மறுநாள் தன் கன்றுகளைத் தேடி வந்த தடம். காய்ச்சல் விட்டு நான் எழுந்தபோது ஊர் ஏற்கெனவே பழியை அவன் தலையில் கட்டிவிட்டிருந்தது. அவன் நம் வாசலுக்கு வந்து, நான் இல்ல நெல்ஸ் என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முப்பது வருடம் மாடு மேய்த்தவன் படலை விட்டுவிட்டுப் போனேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். ரஸ்க் என்னிடம், ரெண்டு மாசம், நெல்ஸ் என்றான். அவ்வளவுதான், வண்டியேறிப் போய்விட்டான். நான் வாசலில் சொன்னதைப் பள்ளிப் பத்திரிகையில் போடலாமா என்று சிக்னி வழியெல்லாம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். பெயரோடு போடு என்று சொல்லிவிட்டேன்.

உன் கோபம் என்மேல் உள்ள பாசத்தால் வந்தது, ஆனால் அதற்கு இரை போட்டது என் பொய். பழி தீர்க்கத்தான் வேண்டுமென்றால் ஆள் நான், வந்து என்னிடம் தீர்த்துக்கொள். தாத்தாவின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டேன். போட்டு, இன்று காலை அதை ரஸ்க் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். என் மகன் ஜூன்ல வருவான், இது வேணும்னா உன்கிட்டயே வந்து கேப்பான் என்றேன். வெகுநேரம் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தான், அது எனக்கு வேண்டியதுதான். பிறகு வாங்கிக்கொண்டு, குடுக்கறதா வேணாமான்னு அவன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றேன் என்றான். ஜூன் பன்னிரண்டு நம் வீட்டில் சூடு போடும் நாள், வா என்று கூப்பிட்டேன். அவன் வந்தாலும் வராவிட்டாலும் அவன் கன்றுகளுக்குப் போடும் நாளில் நான் அங்கே இருப்பேன். இரண்டு விரலால் கயிறு வீச முடியாது, இரும்பைக் காய்ச்ச முடியும். நீயும் என்னோடு வருகிறாய். இதில் பேச்சு கிடையாது.

கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் கைவேலை சிறக்கட்டும். அம்மாவின் முத்தங்கள். ஊருக்குள் வந்ததும் நம் வீட்டுக்கு வராதே, முதலில் ரஸ்க் வீட்டுக்குப் போ. அந்தப் பாதையில் இரண்டு படல்கள் இருக்கின்றன. இரண்டையும் சாத்திவிட்டுப் போ.

இடக்கையால் கையெழுத்திடும்
உன் அப்பா,
நெல்ஸ்