செம்மநத்தம் வழியும் என் இடுப்பெலும்பும்

என் உயிரான, ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு,

உங்கள் நினைவு நாள் பூசையில் இந்த முறை என்னால் முழந்தாளிட முடியவில்லை. எல்லோரும் முழந்தாளில் இருக்க, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இடுப்பெலும்பில் கட்டி. கெட்ட கட்டிதான். மருந்தில் கரையாத வகை, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நம் மகள் கேட்டால், பல் பிடுங்குவது போலத்தான் என்கிறேன். அவளும் நம்புவது போல நடிக்கிறாள். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன்; அச்சில் வந்தால் அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

கட்டியை மட்டும் எடுத்தால் போதாதாம். சுற்றிலும் கொஞ்சம் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். குறைவாக வெட்டினால் கட்டி திரும்பி வரும், அதிகமாக வெட்டினால் கால் போகும். அதனால் ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, உளி எலும்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே வெட்டுவார்களாம்.

வீட்டு வேலைக்கு வரும் வள்ளியம்மாளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்குச் சொந்த ஊர் செம்மநத்தம், மலைமேல் ஒரு சின்னக் கிராமம்.

"ஏனுங்கம்மா, அந்த போன் மேப்பு மாதிரிங்களா? அதப் பாத்து எங்கூருக்கு வந்து மாட்டிக்கிற காருங்கள நாங்கதானுங்க தள்ளி உடறோம். உங்க இடுப்புக்குள்ள ஆரு வந்து தள்ளுவாங்க?"

சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் இதையே கேட்டேன், என் கான்வென்ட் ஆங்கிலத்தில், குரல் நடுங்காமல். அவர் சேலத்துப் பிள்ளை, தமிழிலேயே பதில் சொன்னார். போன் மேப் யாரோ எப்போதோ போட்டது, இது என் எலும்பிலிருந்தே எடுத்த படம் என்றார். வெட்டுவதற்கு முன் எலும்பின் மேல் பல இடங்களைத் தொட்டு, படமும் எலும்பும் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பார்களாம்.

என் ஆங்கிலம் அங்கேயே நின்றுவிட்டது. "பொருந்தலீன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்றேன்.

"படத்த நம்ப மாட்டனுங்கம்மா. மறுபடியும் தொட்டுப் பார்ப்பேன். சரியா வர்ற வரைக்கும் உளி வைக்க மாட்டனுங்க."

கால் நிச்சயம் நிற்குமா என்று கேட்டேன். அதற்கு அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் பயம் குறையவில்லையே, என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் போனதிலிருந்து, சீக்கிரம் உங்களிடம் சேர்த்துவிடும்படிதான் ஆண்டவரிடம் கேட்டுவந்தேன். கட்டி என்று தெரிந்த அன்றிலிருந்து அந்த ஜெபம் வாயில் வரவில்லை. கோபித்துக்கொள்வீர்களா? நம் தோட்டத்தில் காப்பி பூப்பதை இன்னும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஸ்டெல்லா வைக்கும் குழம்பில் இன்னும் குறை சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மயக்க மருந்து ஏறியதும் நீங்கள் வந்து நிற்பீர்களோ? இப்போது அதுதான் பெரிய பயம். வந்தால் ஓரமாக நில்லுங்கள். கையை நீட்டாதீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்கள் குரல் கேட்டு நான் எழுந்து வராமல் இருந்ததில்லை. இந்த முறை நீங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டேன். இது சத்தியம்.

இன்னும் புறப்படத் தயாராகாத
உங்கள் மனைவி,
ரெஜினா