உருளையில் விழுந்த கோடு

என் தங்கை மகளுக்கு,

டல்சா துப்பாக்கிச் சந்தையில், நம் மாநில நூற்றாண்டு நினைவாக வந்த என் ரிவால்வரைப் பார்க்க ஐயாயிரம் பேர் முண்டியடித்தார்கள். பழைய துப்பாக்கி வாங்கி விற்கும் வெர்னன் பூதக்கண்ணாடியோடு வந்தான்.

"பின்னால இருக்கிற குதிரையை இழுத்தா தோட்டா உருளை சுத்திக் கோடு விழும், விலை பாதியாப் போயிடும்னு தெரியாதா? யாருய்யா இழுத்தது?"

"தங்கச்சி மக. மூணு வருஷத்துக்கு முன்னால, ஒரே தடவை."

"ஒரு தடவையில இவ்வளவு ஆழமா விழாது, பெரிய மனுசா. யாரோ தினமும் விளையாடியிருக்காங்க."

கௌபாய் படம் ஓடும்போதெல்லாம் நான்தான் இழுப்பேன். அந்தக் கோடு என்னால் விழுந்தது என்று தெரிந்தேதான் அன்று நன்றித் திருநாள் விருந்தில் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன். நீயும் அதன்பின் வரவில்லை.

இந்த வருஷ விருந்தில், அதே ஆட்கள் முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறேன். நீ வந்து எதிரில் உட்கார். நீ இல்லாவிட்டால் அதையும் புளுகிவிடுவேன்.

உன் மாமா