மதகுக் கல்லில் இரண்டு பேர்

நீ விரித்து உட்காரும் சாக்கு இப்போது என் வீட்டில் இருக்கிறது. உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் நாலாக மடித்துக் கொண்டுவந்தாள். "பெரியப்பாகிட்ட குடுத்துடுன்னாரு அப்பா. வெறுங்கல்லுல உக்காந்தே இடுப்பக் கெடுத்துக்கிட்டீங்களாம்" என்றாள். புகையிலை வாசம் இன்னும் போகவில்லை.

என் ஐந்து மா நிலம் உன் ஒரு வார்த்தையில் நின்றது. குத்தகைக்காரன் பெயரைப் பதியச் சட்டம் வந்து, தாசில்தார் நம் ஊருக்கே விசாரணைக்கு வந்த நாள் அது. அந்த ஐந்து மாவைத் தானே உழுவதாக மிராசுதார் சொன்னார். "பக்கத்து வயக்காரன் நீ சொல்லு. யாருப்பா உழுதது?" என்று தாசில்தார் உன்னைக் கேட்டார். நீயும் அதே மிராசுதாரின் குத்தகைக்காரன். தரையைப் பார்த்து நின்றாய். என் பெயரைச் சொல்லவில்லை. எவன் பெயரையும் சொல்லவில்லை. நிலம் போயிற்று. நான் உழுத ஏழு மாவில் மிச்சம் இரண்டு மாதான் என் பெயரில் ஏறியது. இனி உன்னோடு பேச்சில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆனால் நம் இருவருக்கும் ஒரே மதகு. விடியும்போது என் முறைத் தண்ணீர் முடியும், உன் முறை தொடங்கும். முடிக்கிறவன் "எடுத்துக்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்தவன் மதகுப் பலகையைத் தொடலாம். ஊர் வழக்கம் அது. நான் சொல்லவில்லை. மண்வெட்டிக் காம்பால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். நீயோ நேரத்தோடு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவாய். உன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் கண்ணை மூடினேன். என் தியானம் அப்படித்தான் ஆரம்பித்தது.

மூடிய கண்ணுக்குள் அந்த ஐந்து மாதான் வந்தது. வரப்பு வரப்பாக நடந்து உன்னையும் மிராசுதாரையும் திட்டித் தீர்ப்பேன். எத்தனை நாள் திட்டுவது? ஒரு நாள் பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் காதில் விழுந்தது. அதையே கேட்டேன். வயல் திரும்ப வரும்; நான் திரும்பவும் சத்தத்துக்குப் போவேன். படிப்பகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். இதற்கென்று ஒரு புத்தகத்தையும் பார்க்கவில்லை, ஒரு சாமியையும் கூப்பிடவில்லை.

நீ சும்மா இருப்பாயா? "கருப்புச் சட்டைக்காரரு தவத்துல இருக்காரு. ஏ தண்ணி, சத்தம் போடாம போ" என்பாய். வந்த சிரிப்பை இருமலாக்கி மறைத்திருக்கிறேன். ஒரு மார்கழியில் சாக்கை என் பக்கம் நகர்த்தி, "பாதியில உக்காருய்யா, கல்லு ஜில்லுன்னு கெடக்கு" என்றாய். உட்காரவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு விடியலில் நீயாகச் சொன்னாய்: "அன்னைக்கு எனக்கு நாக்கு எழும்பலப்பா. மூணு புள்ளைங்கள வச்சிருந்தேன். மிராசுதாரு எதிர்லயே நின்னாரு."

எல்லாம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

நீ நின்ற நிலை சரி என்று இந்தக் கடிதத்திலும் சொல்ல மாட்டேன். இத்தனை காலம் உட்கார்ந்தும், அந்த வயல் வராத நாள் ஒன்றில்லை. வருகிறது, கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறது. முன்னைப்போல் என்னை இழுத்துக்கொண்டு போவதில்லை. அவ்வளவுதான் எனக்குக் கைகூடியது. அதையும் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இன்று விடியலில் உன் இடத்தில் சாக்கை விரித்தேன். நான் கல்லில்தான் உட்கார்ந்தேன், அதில் மாற்றமில்லை. பார்க்கக் கூடாது என்றிருந்த முகம் எதிரே இல்லை. இருந்தும் கண்ணை மூடினேன். தண்ணீர் ஓடியது. வயல் வந்தது, போனது.

உன் முறைக்கு இப்போது உன் மகள் வருகிறாள். வெளிச்சம் வந்ததும் அவள் கரையில் நிற்பது தெரிந்தது. என் கை பழக்கத்தில் மண்வெட்டிக்குப் போய், பாதியில் நின்றது. உன்னிடம் அன்று நான் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை. நான் உனக்குத் தராமல் வைத்திருந்ததும் ஒரு வார்த்தைதான்.

சாக்கைப் பார்த்து, "எடுத்துக்க" என்றேன்.

உன் மகள் பலகையைத் தூக்கினாள்.